அத்தைக்கு ஒரு பட்டாளம்

நார்தாம்டன், இங்கிலாந்து
ஜூலை, ஞாயிறு மாலை

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காந்தி நகரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போனிலேயே இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "இந்த வருஷக் கொலுவில் பார்க்கும் வேண்டாம், கிரிக்கெட் செட்டும் வேண்டாம். நம்ம வேலூர்க் கோட்டையில் 1806-ல் நடந்த சிப்பாய்ப் புரட்சியை வைக்கப்போறேன். அங்கே பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னச் சோல்ஜர் பொம்மை கிடைக்குமாமே, ஒரு இருபது வாங்கி அனுப்பு" என்றீர்கள். அரை கிலோ ரவை வாங்கிவரச் சொல்லும் அதே குரலில் சொன்னீர்கள். நானும் கடைக்குப் போய் வாங்கிவந்துவிடலாம் என்று கிளம்பினேன். அதன் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே இது குழந்தைகள் சமாச்சாரம் இல்லை. தலை நரைத்த, பென்ஷன் வாங்கும் ஆண்கள் வாராவாரம் ஒரு சர்ச் ஹாலில் கூடுகிறார்கள். ஆறடிக்கு நாலடி மேசையில் பச்சைத் துணி விரித்து, விரல் கணு உயரப் பொம்மைகளை அணியணியாக நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து சண்டை போடுகிறார்கள். வார்கேம் என்று பெயர். டைம் மெஷின் கதை எழுதிய ஹெச். ஜி. வெல்ஸ் 1913-லேயே இதற்கு விதிமுறைப் புத்தகம் போட்டிருக்கிறார், பெயர் லிட்டில் வார்ஸ். தலைப்பிலேயே நூற்றைம்பது வயது ஆண்பிள்ளைகள் வரை ஆடலாம் என்று தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டு, பெண்பிள்ளைகளில் புத்திசாலிகள் மட்டும் வரலாம் என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறார். உங்களிடம் மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் பொம்மைகள் ஈயம். பிரிட்டன்ஸ் கம்பெனி 1893-ல் உள்ளே வெற்றிடமாக வார்க்கும் வித்தையைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்தது. 1959-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக்கில் இறங்கியது, நிஜ ஆளில் ஏறக்குறைய எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். இப்போது எல்லோரும் வாங்குவது 28 மில்லிமீட்டர் பொம்மை. வளையாத பிளாஸ்டிக். கை தனி, தலை தனி, துப்பாக்கி தனி என்று ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து நாமே ஒட்டி, நாமே வர்ணமும் அடிக்க வேண்டும். காசும் கொடுத்து வேலையும் செய்வதா என்று மாமா கேட்பார். அதையேதான் நானும் கேட்டேன். முறைத்தார்கள்.

நமக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வட்டாரம் என்றால், இவர்களுக்கு நாட்டிங்காம் ஈய வட்டாரம். அப்படியே ஒரு செல்லப் பெயரும் உண்டு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனி அங்கேதான் இருக்கிறது. அவர்கள் விற்பது பூதம், ராட்சசன், விண்வெளி வீரன். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டார்கள், பொம்மை விற்றே! அங்கே வேலை பார்த்தவர்கள்தான் பெர்ரி சகோதரர்கள் ஒரு பக்கம், வார்லார்டு கேம்ஸ் ஒரு பக்கம் என்று சரித்திரப் பொம்மைக்குத் தனித்தனிக் கடை போட்டார்கள். நான் இருக்கும் நார்தாம்டன் செருப்பு ஊர். இங்கே ஃபுட்பால் டீமுக்கே செருப்புத் தைப்பவர்கள் என்றுதான் பட்டப்பெயர். பகலெல்லாம் ஃபேக்டரியில் மேல்தோலைத் தடவித் தடவித் தரம் பிரித்துவிட்டு, சாயங்காலம் உங்களுக்காகச் சிப்பாய் தேடினேன்.

கிடைத்தவர்களின் பட்டியல்: ரோமானியர், வைக்கிங், ஜூலு வீரர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டு தரப்பும், நெப்போலியனின் ஆட்களில் அத்தனை தினுசும். வாட்டர்லூ என்று கேட்டால் அலமாரியே சரிந்து விழும். மெட்ராஸ் சிப்பாய் 1806 என்று கேட்டால் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பிளாஸ்டிக் பெட்டியில் நம்மாள் எங்கேயும் எனக்கு அகப்படவில்லை.

காரணம் துவேஷம் இல்லை அத்தை, இரும்பு. ஈயக் கலவையில் பொம்மை செய்ய ரப்பர் அச்சு போதும். சுழற்றிச் சுழற்றி ஊற்றலாம், ஐம்பது பேர் வாங்கினால்கூடக் கட்டுப்படியாகும். பிளாஸ்டிக்கை அழுத்தி ஊற்ற எஃகு அச்சு வெட்ட வேண்டும். அதற்கே ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். பெட்டி ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். அதனால் யார் கதையை இங்கிலாந்துக்காரன் பள்ளிக்கூடத்தில் படித்தானோ, யாரைச் சினிமாவில் பார்த்தானோ அவனுக்குத்தான் பிளாஸ்டிக் உடம்பு. வாட்டர்லூவை ஆயிரம் பேர் மேசையில் நடத்துவார்கள். வேலூரை நடத்த நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

எங்கள் வார்கேம் கிளப்பில் ஒரு தாத்தா. என்னை நியூவார்க் என்ற ஊரில் நடக்கும் பார்ட்டிஸான் கண்காட்சிக்குத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மூலையில் பழைய சரக்குச் சந்தை நடக்கிறது. பாதி வர்ணம் அடித்த பட்டாளங்கள், பிரிக்காத பெட்டிகள், பரணில் இருபது வருஷம் மனைவிக்குத் தெரியாமல் ஒளித்துவைத்தவை. போகிற வழியில் என் ஊர் எது என்று கேட்டார். காட்பாடி என்றேன். தெரியவில்லை. எல்லா ரயிலும் நிற்குமே என்றேன். அப்போதும் தெரியவில்லை. வேலூர் என்றதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். "கில்லெஸ்பி!" என்றார்.

அந்தத் தாத்தாவுக்குத் தெரியாதது இல்லை. ஜூலை 10 விடியுமுன்னே கோட்டைக்குள் சுமார் 1,500 சிப்பாய்கள் எழுந்தது, 69-ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைக்காரர்கள் பாரக்கில் தூங்கிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டது, கோட்டைத் தலைவர் கர்னல் ஃபான்கோர்ட் மடிந்தது, திப்புவின் பிள்ளைகள் அரண்மனைக்காவலில் இருக்க அவர்கள் கொடி மேலே ஏறியது, வெளியே இருந்த ஒரு மேஜர் ஆற்காட்டுக்குச் சேதி அனுப்பியது, கர்னல் கில்லெஸ்பி பதினாறு மைல் குதிரையில் பறந்துவந்து, கயிற்றைப் பிடித்துச் சுவரேறியது, பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது எல்லாம் ஒப்பித்தார். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆற்காட்டிலிருந்து வந்துவிட்டாராம். இன்றைக்கு வந்தால் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கிலேயே மத்தியானம் ஆகியிருக்கும், புரட்சி ஜெயித்திருக்கும் என்றேன். கிரீன் சர்க்கிள் எந்தக் காலத்துக் கோட்டை என்று குறித்துக்கொள்ளப் பேனா எடுத்தார்.

இந்தக் கில்லெஸ்பிக்கு வட அயர்லாந்தில் அவர் பிறந்த ஊரில் உயரமான தூண் மேல் சிலை இருக்கிறது. ஊர் பெயர் கம்பர். சத்தியமாக. நம்ம பக்கம் மக்கான் அருகே இருக்கிற நினைவுத் தூணுக்குப் போன வாரம் மாலை போட்டிருப்பார்களே, பார்த்தீர்களா?

மாமாவுக்கான சேதி இதில்தான் இருக்கிறது. சிப்பாய்கள் கொதித்ததற்கு ஒரு காரணம் தலைப்பாகை. 1805 கடைசியில் புது மாதிரித் தலைப்பாகை என்று உத்தரவு போட்டார்கள். பார்வைக்கு வெள்ளைக்காரன் தொப்பி; முன்னால் தோலில் ஒரு வில்லை. கூடவே நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது. 1806 மே மாதம் வேலூரில் மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி. வில்லை மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் பட்டாளம் முழுக்கப் பரவியது. இன்றைய தோல் ஊரிலேயே அன்றைக்குத் தோலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமா போலத் தோல் தெரிந்த ஒருத்தர் இருந்திருந்தால் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருப்பார். மறுவருஷம் கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

பொம்மை விஷயத்திலும் தகராறு தலையில்தான். மெட்ராஸ் சிப்பாய்க்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் ஒரே சிவப்புக் கோட்டு, ஒரே குறுக்குப் பட்டை. தலையும் காலும்தான் வேறு. எனவே தாத்தா சொன்ன வழி இது. ஸ்பெயின் போர்க்கால வெள்ளைக்காரப் பெட்டி ஒன்று, சூடானில் மஹ்தி படையின் பெட்டி ஒன்று. முன்னதில் உடம்பு, பின்னதில் தலை. பெட்டி ஒன்று ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். ஆம்பூர் பிரியாணி கணக்கில் யோசிக்காதீர்கள், நான் யோசித்து இரண்டு நாள் தூங்கவில்லை. குழாய்த் தொப்பித் தலையை வைக்காமல் விட்டுவிட்டு, சூடான் தலையை ஒட்டி, மேலே மாவு பிசைந்து தலைப்பாகை சுற்ற வேண்டும். இங்கே அந்த மாவுக்குக் கிரீன் ஸ்டஃப் என்று பெயர். நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டை, பிசைந்தால் பச்சை, சில மணி நேரத்தில் கல். பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓட்டையை மாமா அடைக்கிற எம்-சீல்தான் அது, வேறு நிறத்தில்! விலை மட்டும் இங்கிலாந்து விலை. அதை நான் அனுப்பப்போவதில்லை, தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு, திரி மாதிரி உருட்டி, பல் குத்தும் குச்சியால் மடிப்பு வைக்க வேண்டும். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யும் கைக்கு இது எம்மாத்திரம். முழங்காலுக்குக் கீழே கால்சட்டையை மாநிறமாக அடித்துவிட்டால் அரைக்கால் சல்லடம் ஆகிவிடும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். இருபது போதாது. வார்கேம்காரர்கள் ஒரு பொம்மைக்கு இருபது ஆள் என்று கணக்கு வைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் சிப்பாய்கள் எழுபத்தைந்து, 69-ஆம் ரெஜிமெண்ட் பத்தொன்பது. தூங்குகிற வெள்ளைக்காரன் எந்தப் பெட்டியிலும் இல்லை. எல்லாரும் விறைப்பாக நிற்கிறார்கள் அல்லது சுடுகிறார்கள். அவர்களைப் பாரக்குக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

கோட்டையை மட்டும் அளவுப்படி கட்ட நினைக்காதீர்கள். கோட்டை 130 ஏக்கருக்கு மேல். இந்தப் பொம்மை அளவுக்குச் சுருக்கினாலும் பக்கத்துக்கு நாற்பது அடிக்குக் குறையாது. ஹால், சமையலறை, கார் ஷெட் எல்லாம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நிலம் கையகப்படுத்த வேண்டிவரும். வாசல் ஒன்று, மதில் ஒரு துண்டு, அகழிக்கு நீலத் தாள் போதும். கொடிக்கு உங்கள் பழைய பச்சை ரவிக்கைத் துணி இருக்கிறதே.

சென்ற வாரம் கிளப்பில் வேலூரை ஆடிப் பார்த்தோம். நான் சிப்பாய்கள், தாத்தா கில்லெஸ்பி. நாலாவது சுற்றிலிருந்து தாத்தா தாயக்கட்டை உருட்டி ஐந்தோ ஆறோ விழுந்தால் ஆற்காட்டுக் குதிரை மேசைக்கு வரும் என்று விதி. ஒன்று விழுந்தது. இரண்டு. மறுபடி ஒன்று. நான் அதற்குள் வாசலை அடைத்து, பீரங்கியைத் திருப்பி, ஆட்களைக் கொள்ளைக்குப் போகவிடாமல் மதில்மேல் நிறுத்திவிட்டேன். நிஜத்தில் கோட்டை கைநழுவியதே அந்த இடத்தில்தான், காவலை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் கலைந்துபோனது. ராத்திரி பத்து மணிக்கு சர்ச் ஹாலைப் பூட்ட வந்துவிட்டார்கள். கில்லெஸ்பி அதுவரை பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. தாத்தா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வண்டியில் போகும்போது, கில்லெஸ்பியோடு நிஜத்தில் வந்த ஏழாம் மெட்ராஸ் குதிரைப்படையில் இருந்தவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தானே என்று மட்டும் கேட்டார். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோட்டை விழுந்த பிறகு ஏறக்குறைய நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் காட்சி கொலுப் படியில் வேண்டாம். சுண்டலுக்கு வரும் பிள்ளைகளிடம் வாயால் சொல்லுங்கள். கயிற்றில் தொங்கும் கில்லெஸ்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். கயிற்றுக்குச் சணல் நூல் அனுப்பியிருக்கிறேன். பீரங்கி வாய் தசாவதாரம் செட் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகள் அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பன் கையில் வரும். ஒட்டும் பசை தனி. அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் செட்டின் மெத்துப் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது, முயற்சி செய்ய வேண்டாம்.

மாமாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். சோல்ஜர்களின் குறுக்குப் பட்டை எண்ணெயில் பதமிட்ட பஃப் தோல், மேலே வெள்ளைக் களிமண் பூசுவார்கள். வேலூர் ஜூலை வெயிலில், வேர்வையோடு ஒரு மாதம் போட்டால் அது வெள்ளையாகவே இருக்குமா, பழுப்பேறுமா? கிளப்பில் இதற்காக இரண்டு கட்சி ஆகிவிட்டது, பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. நாற்பது வருஷம் ராணிப்பேட்டையில் தோல் பார்த்தவர் ஒருத்தர் தீர்ப்பு சொல்வார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தாத்தா தூரிகையைக் கழுவிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்