முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்

கே: என் வீட்டுக்காரர் பத்து நாள் ராப்பகலாகத் தறியில் உட்கார்ந்தார். ஓயாத பேச்சு. மூன்று முதலாளிகளிடம் முன்பணம் வாங்கிவிட்டார். இப்போது ஒரு மாதமாகப் பாயை விட்டு எழவில்லை. திமிரா, சோம்பலா?
– நெசவாளரின் மனைவி, தெள்ளார்

ப: இரண்டும் இல்லையம்மா, நோயாக இருக்கலாம். எழுச்சியும் தளர்ச்சியும் மாறி மாறி வருவதை இருதுருவ மனநோய், பைபோலார் என்கிறார்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சோர்வை மட்டும் சொல்லாமல் அந்தப் பத்து நாள் கதையையும் சொல்லுங்கள். அது தெரியாமல் சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் எழுச்சி மறுபடி கிளம்பக்கூடும்.

கே: மாத்திரை இருக்க, உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது?
– வாசகர், வந்தவாசி

ப: பேச்சு மட்டும் போதாது. மாத்திரையோடு பேச்சும் சேர்ந்தால் நோய் திரும்புவது குறையும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அங்கேயே நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் சேலையில் பிழை விழுந்துவிடும். அறுந்த இழையை அப்போதே பார்க்கும் கண்ணைத்தான் சிகிச்சையாளர் பழக்குகிறார்.

கே: நோய் திரும்ப வரப்போகிறது என்று எப்படித் தெரியும்?
– வாசகி, ஆரணி

ப: பெரும்பாலும் தூக்கம் காட்டிக்கொடுக்கும். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லையா? உடனே மருத்துவரிடம் பேசுங்கள். அமெரிக்க உளவியலாளர் எலன் ஃபிராங்க் இதற்கென்றே ஒரு சிகிச்சை முறை வகுத்தார்: எழுவது, உண்பது, வேலையில் உட்காருவது, படுப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். முகூர்த்த சீசன் என்று நெசவாளரை விடிய விடிய நெய்யவிடாதீர்கள். ஒரு சேலை தாமதமாகட்டும்.

கே: இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் வெறும் உப்புதானாமே?
– வாசகர், சேத்துப்பட்டு

ப: உப்புதான். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பலனை எழுதினார். ஆனால் அளவு கூடினால் நஞ்சு. அதனால்தான் ரத்தப் பரிசோதனை. தறியில் குனிந்து இடுப்பு வலித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபூபுரூஃபன் போன்றவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். டாக்டரைக் கேளாமல் போடவே கூடாது. நடுக்கம் கூடி, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கே: கோயிலில் கட்டிவைத்தால் சரியாகும் என்கிறார் மாமா.
– வாசகர், தேசூர்

ப: கும்பிடுங்கள், கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

கே: குடும்பத்தார் கூடவே இருந்தால் சிகிச்சைக்கு இடைஞ்சல்தானே?
– வாசகி, செய்யாறு

ப: பக்கத்தில் வேலூரைப் பாருங்கள். சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் உறவினரும் நோயாளியோடு தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம். குடும்பமும் பாடம் கற்க வேண்டும். "தண்டச்சோறு" என்ற ஒரு சொல் போதும், நோய் திரும்ப வழி திறக்கும். அவர் தெளிவாக இருக்கும் நாளில் அவரோடு சேர்ந்தே எழுதிவையுங்கள்: பணம் யார் கையில், எந்த அறிகுறிக்கு யாருக்குப் போன்.

கே: சென்னைக்குத்தான் போகணுமா?
– வாசகர், பெரணமல்லூர்

ப: வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டம் இங்கேயும் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவிலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். நோயாளி சாவதைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள்.

கே: பல்லவ மன்னன் நந்திவர்மன் நம் தெள்ளாற்றில் வென்றதுபோல் ஒரே போரில் இதை வெல்ல முடியாதா? அண்ணனுக்காகக் கேட்கிறேன்.
– கல்லூரி மாணவி, தெள்ளார்

ப: அவன் ஒரு போரில் வென்று 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் பெற்றான். உங்கள் அண்ணனுக்கோ ஒவ்வொரு இரவும் ஒரு போர். நேற்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குப் படுத்தாரா? அந்தப் பட்டம் அவருக்கும் உண்டு என்று இன்றைக்கே சொல்லுங்கள்.