அணிலும் ஒரு நன்றிக் கடிதமும்

புத்தளம் கரையில் விமானம் ஓட்டியது யானை என்று தாத்தா சொல்லுவார். முழுப் பொய்யும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு விமானத்தளம் அமைத்தது. தரையில் கிடக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இதற்கு வைத்த பெயர் ‘எச்.எம்.எஸ். ராஜாலியா’, சிங்களத்தில் இராசாளி என்று பொருள். 1944இல் ‘இல்லஸ்ட்ரியஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலின் கோர்செயார் போர் விமானங்கள் இங்கே வந்து பயிற்சி எடுத்தன. கோர்செயாரின் இயந்திரத்துக்கு 2,000 குதிரை வலு. மழை பெய்து சக்கரம் சேற்றில் புதைந்தால் அந்த 2,000 குதிரையும் சும்மா நிற்கும். பாகன் யானையைக் கொண்டுவந்து கட்டி இழுத்துவிடுவான்.

“மேல போறவனுக்கும் கீழ ஒரு ஆள் வேணும்டா” என்று கதையை முடிப்பார் தாத்தா. அவர் உடப்புக் கரைவலைக்காரர். அந்தப் பேச்சின் முழு அர்த்தம் எனக்கு 1970ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் விளங்கியது.

அப்போது நான் பயிலுநர் விமானி. 1951இல் தொடங்கிய இலங்கை அரச விமானப்படையில், திருகோணமலை சீனன்குடாவில் பறக்கப் பழகிக்கொண்டிருந்தேன். உடப்பிலிருந்து முதலில் வானத்துக்குப் போனவன் நான்தான் என்று ஊரில் பேச்சு. முதலில் திரும்பி வந்தவனும் நான்தான் என்பதை ஊர் நாகரிகமாக மறந்துவிட்டது.

விமானி என்றால் மேகமும் கறுப்புக் கண்ணாடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, விமானியின் வாழ்க்கையில் பெரும்பகுதி சப்பாத்து மினுக்குவது. விடிய ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். போர்வையைச் செங்கல் மாதிரி மடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைக்க வேண்டும். மடிப்பு ஒரு விரல் விலகினாலும் சார்ஜன்ட் அதைத் தூக்கி வெளியே எறிவார். எங்கள் வகுப்பில் முதலில் பறந்தது என் போர்வைதான்.

பிறகு ஓட்டம், குளியல், காலைச் சாப்பாடு. அங்கே அடுத்த சோதனை. இடியப்பத்தைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விமானத்தைச் சுழல விட்டு மீட்க மூன்று வாரத்தில் பழகிக்கொண்டேன். சொதி சட்டையில் படாமல் இடியப்பம் சாப்பிட மூன்று மாதமானது.

எங்கள் பயிற்சி விமானம் சிப்மங்க். கனடாவில் ஒரு போலந்துக்காரர் வடிவமைத்து 1946இல் முதலில் பறந்தது. சிப்மங்க் என்றால் கோடு போட்ட ஒரு வகை அணில். எங்கள் ஊர் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் தாத்தாவுக்கு இந்தச் சேதி மிகவும் பிடித்துப்போனது. “இராமருக்குப் பாலம் கட்டினதும் அணில்தானே” என்றார். அவர் சொன்ன அணில் மண் சுமந்தது. எங்கள் அணில் எங்களைச் சுமந்தது. அதன் முதுகில் கோடு போட்டது இராமர் அல்ல, பெயின்ற்காரர். அது தவிர வித்தியாசமில்லை.

பாராசூட்டை முதுகில் அல்ல, பின்புறத்தில் கட்டுவார்கள். அதன்மேல்தான் உட்கார வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் முட்டையிடப் போகும் தாரா மாதிரி இருக்கும். இயந்திரத்தைக் கிளப்ப ஒரு தோட்டா வெடிக்கும்; புகை வரும்; வயிறு கலங்கும். மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் நிற்கிற விமானம் என்பதால் ஓடும்போது முன்னால் ஒன்றும் தெரியாது. இடமும் வலமும் வளைந்து வளைந்து ஓட்டி, எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பயிலுநருக்கு முன் இருக்கை, ஆசிரியருக்குப் பின் இருக்கை. ஆகவே ஆசிரியரின் முகம் தெரியாது, குரல் மட்டும் காதுக்குள் வரும். கடவுள் எப்படிப் பேசுவார் என்று இப்போதும் யாராவது கேட்டால் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது. கடவுள் அவ்வளவு கெட்ட வார்த்தை பேசமாட்டார் என்று நம்புகிறேன்.

வெயில் ஏறினால் காற்று குலுக்கும் என்பதால் காலையில்தான் பறப்பு. பகலில் வகுப்பு: காற்றியல், வழிகாணல், மோர்ஸ். சாப்பாட்டுக்குப் பிறகு மேக வகைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே மேகத்துக்குள் போய்விடுவோம். நான் விழித்திருந்தது ஒரு பாடத்தில் மட்டும். பக்கக் காற்று விமானத்தைத் தள்ளும்; எவ்வளவு தள்ளும் என்று முக்கோணம் வரைந்து கண்டுபிடித்து, அந்த அளவு மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பறக்க வேண்டும். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு இது எட்டு வயதிலேயே தெரியும். வலை வளைக்கத் தோணியில் போகும்போது தாத்தா சொல்லுவார்: “நேரா போகணும்னா நேரா பாக்காத.” வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு அவரிடம் பெயர் இருந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில் பாகைதான் இருந்தது. காற்றுக்குப் பெயர் தெரிந்தவனுக்குப் பாகை எம்மாத்திரம்? அந்தப் பரீட்சையில் நான் முதலாவது. அகந்தை அங்கேதான் பிடித்தது.

பத்து மணித்தியாலம் போலப் பறந்த பிறகு ஒருநாள் ஆசிரியர் விமானத்தை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பின் இருக்கைப் பட்டியை இறுக்கிக் கட்டினார். “போய் ஒரு சுற்றுச் சுற்றி வா, உடைக்காதே” என்றார். தனிப் பறப்பு. ஆசிரியரின் எடை இல்லாததால் அணில் துள்ளி ஏறியது. காதுக்குள் அந்தக் குரல் இல்லை. வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாகவும் அவ்வளவு தனியாகவும் நான் இருந்ததில்லை. அன்றிரவு வழக்கப்படி எல்லோருக்கும் குடிக்க வாங்கிக் கொடுத்ததில் ஒரு மாதச் சம்பளம் இறங்கியது, விமானத்தைவிட வேகமாக.

பிறகு வந்தது நீண்ட தனிப் பயணம். சீனன்குடாவில் கிளம்பி அனுராதபுரம், அங்கிருந்து புத்தளம், அங்கிருந்து கரையோடு தெற்கே கட்டுநாயக்க. கட்டளையிட்ட உயரம் 2,000 அடி. வரைபடத்தில் கோடு போட்டபோதே கவனித்துவிட்டேன்: கடைசிக் கோடு உடப்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆடி மாதம். திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு.

புத்தளம் களப்பும் உப்பளங்களும் கண்ணாடித் துண்டுகளாகக் கீழே வந்தன. மேற்கே கற்பிட்டி மணல்முனை. ஆடிக் கச்சான் பக்கவாட்டில் அடித்தது. தாத்தாவின் பாடப்படி மூக்கைக் கடல் பக்கம் திருப்பி நேரே போனேன். இவ்வளவும் சரி. முந்தல் தாண்டியதும் கோயில் தெரிந்தது, சனம் தெரிந்தது. கை தானாக இறங்கியது என்று எழுத ஆசைதான். நானாகத்தான் இறக்கினேன். 200 அடி. ஒரே ஒரு சுற்று. இறக்கையை இரண்டு முறை ஆட்டினேன். ஏறிப் போய்விட்டேன். கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பினேன், பால் தேத்தண்ணி குடித்தேன், மறுநாள் திரும்பினேன். யாருக்கும் தெரியாது.

பத்தாம் நாள் என்னைத் தொப்பியைக் கழற்றச் சொல்லி அதிகாரியின் அறைக்குள் அணிநடையில் கூட்டிப்போனார்கள். தொப்பியில்லாமல் போவது என்றால் என்னவென்று படையில் இருந்தவர்களுக்குத் தெரியும். மேசையில் ஒரு கடிதம், பக்கத்தில் சின்னப் பொட்டலம். கடிதம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து எழுதியது. ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில். எங்கள் ஊர்ப் பிள்ளையை விமானத்துடன் அனுப்பி, அம்மன் கோபுரத்தை மூன்று முறை தாழப் பறந்து வலம்வரச் செய்த விமானப்படைக்கு ஊரின் மனமார்ந்த நன்றி. அடுத்த வருடமும் அவ்வாறே அனுப்பி உதவ வேண்டும். பொட்டலத்தில் திருநீறும் குங்குமமும்.

“மூன்று முறையா?” என்றார் அதிகாரி.

பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. “இல்லை சேர், ஒரு முறைதான்” என்றேன்.

வழக்கு முடிந்தது. பிழை என்னுடையது, தண்டனையும் நியாயமானது. தாழப் பறந்து வீரம் காட்டிச் செத்த பயிலுநர்களின் கதை எல்லாப் பள்ளியிலும் உண்டு, அதனால்தான் அந்தச் சட்டம். சட்டத்தின்படி என் பறப்பு அன்றோடு நின்றது. அதிகாரி நல்ல மனிதர். போகும்போது திருநீற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊருக்கு வந்தேன். கடிதத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. “கண்ணில் கோளாறு” என்றேன். தாத்தா என் கண்ணைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் புவியியல் ஆசிரியன் ஆனேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பருவக்காற்றுப் படிப்பித்தேன்; அவர்களும் சாப்பாட்டுக்குப் பிறகு மேகத்துக்குள் போனார்கள்.

நான் ஊருக்கு வந்த அடுத்த ஏப்ரலில், 1971இல், தெற்கில் கிளர்ச்சி வெடித்தது. சீனன்குடாக் கொட்டகையில் மூடி வைத்திருந்த ஜெட் ப்ரொவொஸ்ட் விமானங்களை அவசரமாகக் கிளப்பிக் குண்டுபோட அனுப்பினார்கள். அந்தக் கொட்டகையின் நிழலில்தான் நாங்கள் பகிடி பேசிக்கொண்டு நிற்போம். பிறகு வந்தது பெரிய போர். விமானச் சத்தம் கேட்டால் எங்கள் தலைமுறை வெளியே ஓடியது, பார்ப்பதற்கு. வடக்கிலும் கிழக்கிலும் அடுத்த தலைமுறை உள்ளே ஓடியது, பதுங்குகுழிக்கு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்கள் ஆயிரமாயிரமாகப் புத்தளம் வந்து ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் படித்தார்கள். கற்பிட்டி பயிற்சிக் களத்துக்கு விமானம் போகும் சத்தம் கேட்டால் அவர்கள் மேசைக்குக் கீழே குனிவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுவார்கள். ஒரே வகுப்பு, ஒரே சத்தம். அப்போதுதான் முதன்முதலாக அந்த நன்றிக் கடிதத்துக்கு நான் நன்றி சொன்னேன்.

இப்போது எங்கள் கரை முழுவதும் காற்றில்தான் பிழைக்கிறது. நாங்கள் கச்சான் வந்தால் வலையைச் சுருட்டிவிட்டுக் கிழக்கே வாடி போடப் போவோம். இன்று கச்சான் வந்தால் ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். பட்டத்தில் தங்களைக் கட்டிக்கொண்டு களப்பின்மேல் துள்ளுகிறார்கள். காற்று தூக்கி எறிவதற்கு அவர்கள் பணம் கட்டுகிறார்கள். எனக்கு அரசாங்கம் சம்பளம் தந்தது. மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது. அது அன்று இருந்திருந்தால் வரைபடமே தேவைப்பட்டிருக்காது. இராசாளியும் அழியவில்லை: தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் 1992இல் இந்தியக் கடற்படை திறந்த தளத்துக்குப் பெயர் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’. அங்கே ஹெலிகொப்டர் ஓட்டப் பழக்குகிறார்கள். யானை இருப்பதாகத் தகவல் இல்லை.

போன ஆடிக்கும் தீமிதிப்புக்குப் போனேன். தலைக்கு மேலே நாலு ட்ரோன். பூக்குழியைவிட மேலே பார்த்த கண்கள்தான் அதிகம். அதில் ஒன்றை ஓட்டியவள் என் பேத்தி. கோபுரத்தை மூன்று முறை வலம் வந்தாள், நான் எண்ணினேன். கடிதம் எழுத யாருக்கும் வேலையில்லை. ஐம்பது பேர் கைபேசியில் நேரலை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் இப்போது விமானப்படையில் சேரப் போகிறேன் என்கிறாள். 2020 நவம்பரில் பெண்கள் முதன்முறையாக இலங்கை விமானப்படையின் விமானிச் சிறகு அணிந்த படம் அவள் சுவரில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் பயிற்சி விமானம் விழுந்து ஒரு பயிலுநர் இறந்ததும், 2023 ஓகஸ்டில் சீனன்குடாவிலேயே இன்னொன்று விழுந்து இருவர் இறந்ததும் அவளுக்குத் தெரியும். “காத்தோட விளையாடினா அப்படித்தான் தாத்தா” என்கிறாள். விளையாட்டு இல்லை என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துவிட்டு, “போர்வையை மடிக்கப் பழகு” என்றேன்.

என் பறப்புப் பதிவேட்டைக் கேட்டாள், கொடுத்தேன். எழுதிய கடைசிப் பக்கத்தில் ‘புத்தளம் – கட்டுநாயக்க, தனிப் பறப்பு’ என்று இருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். அதில் தன் ட்ரோன் பறந்த நிமிடங்களை எழுதி வருகிறாள். உயரத்துக்கும் ஒவ்வொரு நாளும் உண்மையான கணக்கைப் போடுகிறாள். அவளும் பொய் சொல்லமாட்டாள். கவலையாக இருக்கிறது.