கொட்டிய பாலும் சேர்த்த பாலும்

1989-ல் என் மகள் பிறந்தாள். மூன்று மாத விடுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். இரண்டாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை அழுதால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பேன். இடைவேளையில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஆயா காவல் நிற்க, கையால் பீச்சித் தென்னை மரத்தடியில் விடுவேன். தாய்ப்பால் யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பார் ஆயா. அதே நேரம் வீட்டில் என் அம்மா, பசும்பாலில் தண்ணீர் கலந்து என் குழந்தைக்குச் சங்கில் புகட்டிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கட்டிய பாலுக்குச் சொன்ன வைத்தியம், மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது. அது பலித்தது. பூ வைத்தால் பால் வற்றும் என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே சோதித்துப் பார்த்து 1988-ல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். எனக்கு வலி போயிற்று, பாலும் போயிற்று. அதன்பின் மகள் முழுக்கப் புட்டிப்பாலில்தான் வளர்ந்தாள்.

நான் மரத்துக்கு ஊற்றிய அந்த 1989-ல்தான் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தாய்மார்கள் கொடுத்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடுபடுத்தி, உறைய வைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது காலம் மாறியிருந்தது. 2017-ல் திருத்திய சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வேலைக்குத் திரும்பியதும் பையில் மின்சார பம்ப், ஐஸ் பெட்டி. மாலையில் அவள் கொண்டுவரும் பாலுக்கு நான்தான் பொறுப்பு. தேதியும் நேரமும் எழுதி ஒட்டுவேன். வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். சென்னை மே மாதத்தில் அதை நம்பக் கூடாது. ஃபிரிட்ஜில் நாலு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். கதவோரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். மேலே கொழுப்பு தனியாக மிதந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். “பாலைக் காய்ச்சாமலா கொடுப்பாங்க?” என்று பக்கத்து வீட்டு அம்மா பதறினார். காய்ச்சினால் நோயைத் தடுக்கும் சத்து அழிந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும் என்று விளக்கினேன். பாலாடையில் புகட்டும்போது பேரன் உதட்டை நீட்டி நீட்டிக் குடிப்பான். ஒரு சொட்டுகூட வீணாக விட எனக்கு மனசு வராது.

அந்தப் பாலை மகள் எடுத்தது அலுவலக ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தோழி ஒருத்தி வெளியே நின்றாள். ஆயா நின்ற அதே காவல். பதற்றத்தில் பால் இறங்காது என்பது பால் கொடுத்த எவளுக்கும் தெரியும். பம்ப் வாங்கப் பணம் இருக்கிறது, விடுப்புக்குச் சட்டம் இருக்கிறது, ஒரு தாழ்ப்பாள் போட மட்டும் ஆளில்லை. 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தபோது கைதட்டி மகிழ்ந்தவள் நான். பிறகு ஊருக்குப் போகிற வழியில் அப்படியோர் அறை பூட்டிக் கிடக்க, வாசல் படியில் ஒரு பெண் முக்காடிட்டுப் பால் கொடுத்ததைப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஜவுளிக்கடை விற்பனைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே கடைக்குப் போகிறாள். கையால் எப்படிப் பீச்சுவது, எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். மாலை வரை வைக்க இடம் கேட்டதற்கு மேற்பார்வையாளர் முடியாது என்றுவிட்டார். வாடிக்கையாளருக்குக் குளிர்பானம் வைக்கும் ஃபிரிட்ஜ் அந்தக் கடையில் மாடிக்கு ஒன்று இருக்கிறது.