மாமனாருக்கு எத்தனை தலை?

மனித உருவம் வரையக் கற்றுக்கொள்ள பென்சில் கிடைக்கும், தாள் கிடைக்கும், தேடினால் பொறுமைகூடக் கிடைக்கும். கிடைக்காதது மனிதன்தான். அதுவும் அசையாமல் இருக்கிற மனிதன். ஓவியக் கல்லூரிகளில் இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆளை உட்காரவைக்கிறார்கள். வீட்டில் தானாகக் கற்கிறவனுக்குச் சொந்தக்காரர்களை விட்டால் கதியில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு இந்த ஆசை பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1943-இல் வெளியிட்ட புத்தகத்தை இன்றும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை ஒரு தலை. லட்சிய மனிதன் என்றால் அப்படி 8 தலை உயரம் இருக்க வேண்டும். வீரநாயகனுக்கு 9 வரை போகலாம். சாதாரண ஆசாமிகள் ஏழரையோடு சரி. இதை நான் வாய்விட்டுப் படித்தபோது, அந்த எண்ணை இனி வீட்டில் சொல்லக் கூடாது என்று என் மனைவி தடை போட்டுவிட்டாள். போன ஏழரையைத் திரும்பக் கூப்பிடுவானேன் என்பது அவள் கட்சி.

சரி, நம் ஊர் கணக்குக்குப் போவோம் என்று சிற்ப சாஸ்திரத்தைப் பிடித்தேன். அங்கே அளவு தலை அல்ல, தாளம். முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரையுள்ள முக நீளம் ஒரு தாளம்; அதில் 12-இல் ஒரு பங்கு அங்குலம். இது ஸ்கேலில் இருக்கிற அங்குலம் அல்ல. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம், 124 அங்குலம். பிள்ளையாருக்கு 5 தாளம். உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்தால் நடுவிரல் நுனி முடி தொடங்குகிற இடத்தைத் தொடும். அளவுகோலைக் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மாமனாரிடம்தான் சாஸ்திரம் தடுமாறியது. அவருக்கு முடி பிடரியில் தொடங்குகிறது. அங்கிருந்து மோவாய் வரை ஒரு தாளம் என்று அளந்தால் மனிதர் சுருங்கிப் பிள்ளையார் பக்கம் வந்து நிற்கிறார். வயிற்றைப் பார்த்தால் சாஸ்திரத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆனால் அவரைப் போன்ற மாடல் அமையாது. கண்கள் தலையின் சரிபாதியில் இருக்கின்றன என்பதைப் புதிதாக வரைகிற யாரும் நம்புவதில்லை. முகத்தையே முழுத் தலை என்று எண்ணி, கண்ணை நெற்றியில் ஏற்றி, மூளைக்கு இடமில்லாமல் செய்துவிடுவார்கள். மாமனார் தலையில் மறைக்க எதுவும் இல்லாததால் சரிபாதி பளிச்சென்று தெரியும். தவிர, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுத்தாரானால் நாலு மணிக் காபி வரை அசையமாட்டார்.

அவர் கால்மாட்டில் உட்கார்ந்து வரைவது மட்டும் சோதனை. அங்கிருந்து பார்த்தால் பாதங்கள் தாளில் பாதியை அடைத்துக்கொள்ளும். தலை எங்கேயோ தொலைவில் எலுமிச்சங்காய் அளவுக்குத் தெரியும். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவுக்கும் இதே சிக்கல்தான். மிலான் நகரில் இருக்கும் அவருடைய ஓவியத்தில், இறந்த இயேசுவின் உடலைக் கால்பக்கமிருந்து காட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் கணக்குப்படி பாதங்கள் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். முகம் எடுபடுவதற்காகக் குறைத்துவிட்டார். மேதைகள் பொய் சொன்னால் அதற்குக் கலை என்று பெயர்.

அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தபோது மாமியார் மோர் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, உயிரோட இருக்கற மனுஷனைப் பிணத்தைப் பார்த்தா வரையறீங்க?"

மாந்தேன்யா, மிலான், பாதம் என்று விளக்கினேன். அவர் என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அவர் இல்லையே இது. உங்க பக்கத்து உறவா?"

எங்கள் வீட்டில் படம் நன்றாக வந்தால் அது அவர்கள் குடும்பம். கோணலாக வந்தால் எங்கள் குடும்பம்.

கைகளைப் பற்றி என்ன சொல்ல? ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன, 27-உம் ஓவியனுக்கு விரோதிகள். மேல்நாட்டுக் கற்றுக்குட்டிகள் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுவிடுவார்களாம். வேட்டிக்குப் பை ஏது? கூப்பச் சொன்னால் ஒன்றுக்கு இரண்டாக வரைய வேண்டியிருக்கிறது. அதனால் என் நோட்டில் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெண்களுக்குச் சேலை கட்டித் தப்பிக்கலாம் என்றால், உள்ளே இடுப்பு சரியான இடத்தில் இல்லாவிட்டால் கொசுவம் உடனே காட்டிக்கொடுக்கிறது.

அசையாத ஆள் வேண்டும் என்று மெரினா உழைப்பாளர் சிலைக்கும் போய்ப் பார்த்தேன். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. அதற்கு அந்தக் கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும் மாடலாக நின்றதாகச் சொல்வார்கள். அவருக்கே வாசலில் நின்றவர்தான் கிடைத்திருக்கிறார்! நான்கு பேரும் முதுகு, தோள், கெண்டைக்கால் என்று எதையும் ஒளிக்காமல் பாறையைப் பெயர்க்கிறார்கள். எந்த நேரம் போனாலும் அதே இடத்தில் இருப்பார்கள், படம் எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள். வெயில்தான் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் வரைகிறேன். பெண்களை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை, இளைஞர்களை உற்றுப் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. மிச்சம் இருப்பது என் வயதுக்காரர்கள். எல்லாரும் போனுக்குள் குனிந்திருப்பதால் கழுத்து வரைகிற வேலையும் மிச்சம்.

ஆகவே, எதிர் இருக்கையில் ஒருவன் நோட்டும் பென்சிலுமாக உங்களை ஏற இறங்கப் பார்த்தால் உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கிண்டி வரும்வரையாவது அப்படியே இருங்கள். இறங்கும்போது படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்து உறவுக்காரர் யாராவது அதில் இருக்கக்கூடும்.