புகை பிடிக்காதவள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை ஓரங்கட்டி, விறகடுப்பு பிரியாணிக்குக் கூடுதல் காசு கொடுத்து, "அந்தப் புகைவாசம்தான் சார் ருசியே" என்று சிலாகிக்கும் சீமான்களே! அதே வாசத்தை இன்னும் விறகெரிக்கிற வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் இலவசமாக அனுபவிக்கிறார்கள். உங்களைப்போல் மூக்கோடு நிறுத்திக்கொள்வதுமில்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்தைத் தொடும். கார்பன் மோனாக்சைடோ ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

இருமல் வரும் என்பது தெரிந்த கதை. நெஞ்சையும் அடைக்கும் என்பதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் என வீட்டுக்குள் எரிந்த புகைக்கு 2020இல் பலியானவர்கள் சுமார் 32 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 32 சதவீதம் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோய், 23 சதவீதம் பக்கவாதம்.

சினிமாவில் நாயகன் பீடி பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை ஓடும். அவன் அம்மா ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கினால் வயலின் ஓடும். ஆஸ்பத்திரியிலும் இதே நியாயம்தான். "புகைப்பழக்கம் உண்டாம்மா?" "ஐயய்யோ, இல்லீங்க." சீட்டில் 'இல்லை' என்று எழுதியாயிற்று. முப்பது வருஷம் அடுப்பூதியவள் புகையே அறியாத புனிதவதி!

சிலிண்டர் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தீர்கள், மகராசர்களே. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் உஜ்வலா எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கினீர்கள், பெட்ரோல் பங்க் தோறும் பேனரில் சிரித்தீர்கள். முதல் சிலிண்டர் தீர்ந்த மறுநாள்? முழுப் பணத்தையும் முதலில் எண்ணி வைக்க வேண்டும், 300 ரூபாய் மானியம் பிறகு பேங்கில் விழும். நூறு நாள் வேலைக் கூலியே மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட வீட்டில் யார் எண்ணி வைப்பது? சீமைக்கருவேலம் கொல்லையிலேயே சும்மா கிடக்கிறது. ராமநாதபுரத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்த மானியத்தையும், ஆண்டுக்கு 12 சிலிண்டர் என்றிருந்ததை 2025-26இல் 9 ஆக்கிவிட்டார்கள். ஏழை வீட்டில் அத்தனை வாங்குவதில்லையே என்று யாரோ ஒரு மேதாவி கணக்குப் பார்த்திருப்பார். ஏன் வாங்கவில்லை என்பதற்கு அவர் கணக்கில் கட்டமில்லை. அவர் ஒரு மழைக்கால வாரம் அந்த அடுப்படியில் குந்தி ஈர விறகை ஊதட்டும். கண் எரிந்தால் சொல்லட்டும், வயலின்காரரை அனுப்பிவைக்கிறோம்.