பேரனுக்கு அப்பத்தா போட்ட பத்தியம்

வாடா அப்பு, திண்ணையில உக்காரு. பிள்ளை பெத்தது உன் பொண்டாட்டி, மூஞ்சி வாடிக் கெடக்குறது நீயா? என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு... "காரணமே இல்லாம அழுகுறா அப்பத்தா." அதானே, காரணம் எங்க இருக்கு! இடுப்பு நொந்து, தையல் போட்டு, ஒரு வாரத்துக்கு மேலக் கண்ணசராமக் கெடக்குறா. சித்திரை வெயில்ல ஜன்னல்ல பழைய சேலையைத் திணிச்சு, ஃபேனையும் நிறுத்தி வச்சிருக்காக. தண்ணி கேட்டா, "பச்ச ஒடம்பு"ன்னு அரை டம்ளர் அளந்து ஊத்துறாக. வாரவ போறவ எல்லாம் பிள்ளையைப் பொரட்டிப் பாத்து, "மூக்கு எங்க வகையறா, நெறந்தான் அவுக பக்கம்"னு பஞ்சாயத்துப் பேசுறாக. இதுல அழுக ஒரு காரணமும் இல்லதான். உன் கிரிக்கெட் டீம் தோத்ததுக்கு ரெண்டு நாள் சோறு வேணாம்னு படுத்துக் கெடந்தியே, அதுக்குத்தான் காரணம் இருந்துச்சு.

சப்-சென்டர் நர்ஸம்மாகிட்ட வெவரமாக் கேட்டு வச்சிருக்கேன், கேளு. வயித்துல பிள்ளை வளர வளர ஏறிக்கிட்டே வந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான்னு ரெண்டு சுரப்பு, நஞ்சுக்கொடி விழுந்த ஒண்ணு ரெண்டு நாள்லயே தடதடன்னு எறங்கிருதாம். அதனால பிள்ளை பெத்த பாதிப் பேருக்கு மேல, மூணாம் நாள் அஞ்சாம் நாள் வாக்குல அழுகை பொத்துக்கிட்டு வரும். சிரிச்சுக்கிட்டே இருப்பா, சட்டுன்னு கண்ணு கலங்கும். கதவு சாத்துற சத்தத்துக்கு எரிஞ்சு விழுவா. இது தானா வந்து, ரெண்டு வாரத்துக்குள்ள தானாப் போயிரும். மருந்தும் வேணாம், மந்திரிக்கவும் வேணாம். நல்ல தூக்கம், வயித்துக்குச் சோறு, சுத்தி வாயை மூடிக்கிட்டு ஒத்தாசை பண்ற ஆளுக, இம்புட்டுத்தான் வேணும். கடைசிச் சரக்குத்தான் எந்த நாட்டு மருந்துக் கடையிலயும் கெடைக்காது.

அவளுக்குப் பத்தியம் போட்டாச்சு: பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, காய மருந்து உருண்டை. உனக்கும் உங்காத்தாளுக்கும் யாரு போடுறது? நான் போடுறேன்.

முதல்ல உங்காத்தா. "நாங்கல்லாம் பிள்ளை பெத்த மூணாம் நாளே நாத்து நடப் போனோம்"ங்கிறது அவளுக்கு ஆகாது. எங்க போனா? உன்னையப் பெத்துட்டு அவுக ஆத்தா வீட்டுல மாசக் கணக்காக் காலை நீட்டிப் படுத்திருந்தா. கருவாடு சுமந்துட்டுப் போன நானே சாட்சி. "பால் பத்தலையோ", "பொட்டப்பிள்ளையா, சரி, அடுத்தது பையனாப் பொறக்கும்", இதெல்லாம் நாக்கு நுனியில கூடப் படக்கூடாது. நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துப் பொம்பளைகளைப் பாத்து ஆராய்ச்சி பண்ணிருக்காக. பிள்ளை பெத்து மனசு நொடிஞ்சவகளுக்கு என்னென்ன சேந்து இருந்துச்சாம் தெரியுமா? கைச்செலவுக்குக் காசு இல்லாதது, பையனை எதிர்பாத்துப் பொண்ணு பொறந்தது, மாமியாரோட மனத்தாங்கல், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. பிரிட்டன் டாக்டருமாரு பத்திரிகையில 2002-ல இதை அச்சடிச்சிருக்காக. ஆத்தாடி, பாஸ்போட்டு இல்லாமயே உங்காத்தா சீமை வரைக்கும் போயிட்டா!

இனி உன் பத்தியம். போன ஞாயித்துக்கிழமை மாமியா வீட்டுக்கு அவளைப் பாக்கப் போனியே, எத்தனை போட்டோ எடுத்த? எத்தனை மூத்திரத் துணி மாத்துன? பதில் வராதே. பொறந்த பிள்ளை ராத்திரி பகல் சேத்து எட்டுத் தடவையில இருந்து பன்னெண்டு தடவை பால் கேக்கும். அந்தப் பால் ஒண்ணுதான் உன்னால குடுக்க முடியாது. சாச்சு ஏப்பம் விட வைக்கத் தோளு இருக்கு, தொட்டில் ஆட்டக் கை இருக்கு. பால் குடிச்சதும் பிள்ளையை வாங்கிட்டு வெளிய வந்து கதவைச் சாத்து. அவ கட்டையச் சாய்க்கட்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறடா. "பாப்பா குடிச்சுச்சா"ன்னு கேக்குற வாய், "நீ சாப்புட்டியா"ன்னும் கேட்டுப் பழகட்டும்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்க நல்ல நேரம் பாத்தாச்சுல்ல? வீடு கழுவி, பிள்ளைக்குப் பேரு வச்சு, எல பதினஞ்சா இருபதான்னு கணக்கும் போட்டிருப்பீக. அன்னைக்கே இன்னொரு கணக்கையும் பாரு. அழுகை இன்னும் நிக்கலயா? பிள்ளை தூங்குறப்பவும் இவ முழிச்சுக் கெடக்குறாளா? சோறு எறங்கலயா? பிள்ளையைத் தொடவே பயப்படுறாளா? "நான் லாயக்கில்லாத தாய்", "நான் இல்லாட்டா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு பேசுறாளா? ஆமான்னா, அது தானாப் போற அழுகை இல்ல, மனச்சோர்வு நோய். இந்தியாவுல நடந்த 38 ஆய்வைக் கூட்டிப் பாத்து 2017-ல எழுதுனதுல, நூத்துக்கு 22 தாய்மாருக்கு இது இருந்துருக்கு. நம்ம தெருவுல அஞ்சு வீட்டுல தொட்டில் ஆடுனா, ஒரு வீட்டுலயாச்சும் ஒருத்தி வெளிய சொல்லாம மருகிக்கிட்டு இருப்பா.

பதினாறு முடிஞ்சுதுன்னு கணக்கை மூடிறாத. மொத வருசத்துல எப்பவும் இது தலை காட்டலாம். மொட்டை போடுற அன்னைக்கும் கேளு, காது குத்துற அன்னைக்கும் கேளு. டாக்டருக கேக்க 1987-லயே எடின்பரோ பேருல பத்துக் கேள்வி எழுதி வச்சிருக்காக, தமிழ்லயும் இருக்கு. பொண்ணு பாக்கப் போனப்ப நீ கேட்ட கேள்வியை விடக் கொறைச்சல்தான், பயப்படாத. தைராய்டும் ரத்த சோகையும் இதே வேஷம் கட்டும், அதுக்கும் ரத்தம் குத்திப் பாப்பாக. பால் குடுக்குறவளுக்கு ஏத்த மாத்திரையும் இருக்கு. நீயாக் குடுக்கவும் கூடாது, நீயா நிறுத்தவும் கூடாது. யாருகிட்டப் போறதுன்னு தெரியலயா, 14416-க்கு அடி. டெலி மானஸ்னு 2022-ல கவர்மெண்டு ஆரம்பிச்சது, ராத்திரியும் எடுப்பாக, தமிழ்லயே பேசுவாக.

ஒண்ணே ஒண்ணுல வெளையாட்டு வேணாம்டா. ஆயிரத்துல ஒருத்திக்கோ ரெண்டு பேருக்கோ, பெரும்பாலும் மொத ரெண்டு வாரத்துலயே புத்தி தடுமாறும். காதுல குரல் கேக்குதும்பா, பெத்த பிள்ளையையே சந்தேகப்படுவா, கண்ணு மூடவே மாட்டா. சம்பந்தி வீட்டுல "காத்து கருப்பு"ன்னு பூசாரிக்கு ஆள் விடுவாக. நீ 108-க்குப் போன் போடு. தாயையும் பிள்ளையையும் தனியா விடாத, விடியட்டும்னும் இருக்காத. பூசாரிக்குக் கோழியைப் பெறகு குடுத்துக்கலாம், அவரு கோவிச்சுக்க மாட்டாரு. இது தீருற நோய்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ்ல 2009-ல இருந்து தாயையும் பிள்ளையையும் பிரிக்காம ஒரே வார்டுல வச்சுப் பாக்குறாக.

நீயும் தூங்காம, எரிஞ்சு விழுந்துக்கிட்டுத் திரியிற. தகப்பன்மாருலயும் பத்துக்கு ஒருத்தனுக்கு இந்தச் சோர்வு வரும்னு நர்ஸம்மா சொன்னா. அப்படின்னா நீயும் டாக்டர்கிட்டப் போ, வெக்கப்படாத. ஆனா டாஸ்மாக்ல அந்த டாக்டர் உக்காந்திருக்க மாட்டாரு, சொல்லிட்டேன்.

எந்திரி, மூணு மணி பஸ்ஸு வந்துரும். போனதும் ஜன்னல் சேலையை உருவிப் போடு, ஒரு சொம்புத் தண்ணி குடு, பிள்ளையை வாங்கிக்க. யாரு சொன்னான்னு உங்காத்தா கேட்டா, கெழவி சொன்னான்னு சொல்லு. சண்டைக்கு வரட்டும். எனக்கும் மத்தியானம் பொழுது போகணும்ல.