வில்பத்துக் காட்டுக்குத் தனியே போதல்: கூட்டம் பற்றிய ஒரு முதற்கட்ட ஆய்வு

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாகக் காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் புத்தளம் கரையோர இளைஞரிடையே அவ்வப்போது தோன்றுகிறது. ஏ.எல். எழுதி முடித்துப் பெறுபேறு வராத மாதங்களில் இது உச்சம் பெறுகிறது. காடோ வீட்டுக்குப் பின்னால் இருப்பதுபோல அருகில் கிடக்கிறது. 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்து, 1,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்போடு நாட்டிலேயே பெரியது. ஆயினும் அங்கே ஒருவர் தனியே போய் வந்ததாக நம்பத்தகுந்த சான்று எதுவும் இவ்வாய்வாளருக்கு அகப்படவில்லை. இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: இக்கரையில் தனியே போகத் திட்டமிடுபவரோடு சேர்ந்துகொள்ளும் ஆட்களின் தொகை, அவர் திட்டமிடும் காலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது.

முதல் சான்று மகாவம்சம். விஜயன் 700 பேரோடு கரையேறிய தம்பபண்ணி, குதிரைமலைப் பக்கம்தான் என்று சொல்வோர் பலர். அங்கே ஒரு நாய் தென்படுகிறது. ஊர் இருந்தால்தானே நாய் இருக்கும் என்று கணக்குப் போட்ட ஒருவன், விஜயன் தடுத்தும் கேளாமல் அதன் பின்னால் தனியே போகிறான். நாய் உண்மையில் குவேனி என்ற இயக்கியின் பணிப்பெண்ணான இன்னோர் இயக்கி. போனவன் பிடிபட்டான். அவனைத் தேடி இன்னொருவன், அவனைத் தேடி மற்றொருவன் என்று 700 பேரும் ஒவ்வொருவராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தார்கள். தனிப் பயணம் இக்கரையில் இவ்வளவு பெருந்திரளாக நிகழ்ந்தது அந்த ஒரு நாள்தான். அவர்களைக் குவேனி தின்னாமல் விட்டதற்குக் காரணம், தெய்வம் ஒன்று கையில் கட்டிவிட்டிருந்த காவல் நூல். பயணப் பையைத் தொடுவதற்கு முன்பே மூத்தம்மா நூலோடு வந்து நிற்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் சான்று இன்னும் வலுவானது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இபின் பதூதா புத்தளத்தில் இறங்கினார். அவர் பயண நூலில் ஊரின் பெயர் பத்தாலா. அரசன் ஆரியச் சக்கரவர்த்தி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். மிக எளிய விருப்பம். ஒரு கைத்தடி போதும். அரசன் கொடுத்ததோ ஒரு பல்லக்கு, ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போகும் நான்கு யோகியர், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேர். கூட்டினால் 32. பல்லக்குத் தூக்கிகளை அவர் எண்ணவில்லை. அவர்களும் எண்ணிக்கையில் சேராதவர்களாகவே நடந்திருப்பார்கள். உலகம் சுற்றியவர் என்று பாடப்புத்தகம் போற்றும் ஒருவராலேயே புத்தளத்திலிருந்து தனியே வெளிக்கிட முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அதே பயணத்தில் இரண்டு குறிப்புகள் நமக்குப் பயன்படும். ஒன்று, மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் பாயும் அட்டைகள். அவற்றை விழுத்த ஆட்கள் தேசிக்காயைக் கையோடு வைத்திருந்து பிழிந்தார்கள். வில்பத்து உலர்காடு, அட்டைக்குப் பேர்போன இடமல்ல. இருந்தும் பைக்குள் தேசிக்காய் போடப்படுகிறது. இரண்டு, குரங்குகளுக்கு இலைத் தலைப்பாகை கட்டித் தடி ஊன்றிய ஒரு தலைவன் உண்டு, அதற்குப் பரிவாரமும் உண்டு என்று பிறர் சொல்ல அவர் கேட்டது. விலங்கியலார் இதை ஏற்பதில்லை. நாம் ஏற்கிறோம், ஏனெனில் கருதுகோளுக்கு ஒத்துவருகிறது.

எதிர்ச்சான்றாக றொபர்ட் நொக்ஸைக் காட்டுவோர் உண்டு. கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டு, தொப்பி பின்னி, சில்லறைச் சாமான் விற்றுத் திரிந்தபடியே வழி விசாரித்து, 1679இல் மல்வத்து ஓயாவை ஒட்டிக் காட்டுக்குள்ளால் நடந்து அரிப்புக்கு வந்து சேர்ந்தவர். அவ்வளவு காலம் திட்டமிட்டும் கூட வந்தது ஒரே ஒருவர். விதி உடைந்ததா? இல்லை. தீவில் நொக்ஸுக்கு மாமி இல்லை.

இனி நிகழ்காலம். முதல் கட்டத்தில் உம்மா மறுக்கிறார். இரண்டாம் கட்டத்தில் அனுமதிக்கிறார், நானாவும் கூடப் போவதாக இருந்தால். நானா போனால் மச்சானும் வருவார். மாமி சீனிச் சம்பலும் கல்பிட்டிக் கருவாடும் பொதிசெய்கிறார். பொதி பெருத்ததால் தூக்க ஆள் தேவைப்படுகிறது. இபின் பதூதாவின் பதினைந்து பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற புதிர் இங்கே அவிழ்கிறது. பருவம் குறித்த விவாதம் தனியாக நடக்கிறது. வடகீழ்ப் பருவமழையில் கலா ஓயா பெருகினால் எழுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். வெயில் காலத்தில் வில்லுகள் என்னும் இயற்கை நீர்நிலைகள் வற்றி மிருகங்கள் எஞ்சிய நீரைத் தேடி வரும். பாலைப் பழக் காலத்தில் கரடி வரும். ஆக, வீட்டாரின் கணக்கில் போகத் தகுந்த மாதம் எதுவும் ஆண்டில் இல்லை.

இத்தனை தடையும் தாண்டி வாசலுக்கு வந்தவரை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதி எதிர்கொள்கிறது: பூங்காவுக்குள் நடக்கக் கூடாது. வாகனத்தில்தான் போகலாம், குறித்த இடங்களில் தவிர இறங்கவும் முடியாது. இதைக் குறைசொல்ல இவ்வாய்வாளருக்கு மனமில்லை. சிறுத்தையும் யானையும் கரடியும் இருக்கும் காட்டில் நடந்து போகிறவர், பார்க்க வந்தவராக நெடுநேரம் நீடிக்கமாட்டார். போரினால் 1988இல் மூடி, 2003இல் திறந்து, 2006இல் கண்ணிவெடி வெடித்து மறுபடி மூடி, 2010இல்தான் மீண்டும் திறந்த பூங்கா அது. கூட்டமாகவும் போக முடியாத ஆண்டுகளை இந்த ஊர் கண்டிருக்கிறது. அந்த ஆண்டுகளை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்று விளங்காததால் விட்டுவிட்டோம்.

நடக்க முடியாதென்றால் ஜீப். ஜீப் வாடகை ஆளுக்கல்ல, வண்டிக்கு. தனியே போகிறவர் வெற்று இருக்கைகளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். உம்மாவாலும் மூத்தம்மாவாலும் முறியடிக்க முடியாத உறுதிகூட இந்த இடத்தில் தளர்வதைக் காண்கிறோம். சாரதியோடும் வழிகாட்டியோடும் சேர்த்தால் தனியாளின் குறைந்தபட்ச அளவு மூன்று. பங்குபோட ஆள் பிடித்தபின் வண்டி கொள்ளுமளவு.

ஆய்வின் இரண்டாம் கட்டம் வரும் பாலைப் பழக் காலத்தில் தொடங்கும். தனியே போய்ப் பார்த்து அறிக்கை தர ஒருவர் தேவை. ஜீப்பில் இன்னும் நாலு இடம் காலியாக இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வரவும்.